காட்டு வழியும் கட்டளையும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இக்கூட்டத்திலே பேசவேண்டும் என்று செயலாளர் அவர்கள் என்னைக் கேட்டபொழுது, "காட்டு வழிகளைத் தேசப்படத்தில் எழுதுவது பற்றிப் பேசுகிறேன்" என்றேன். அவர் சற்று நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, அது எங்கள் சங்கத்துக்கு ஏற்ற பொருள்தானோ?" என்றார். "கதிர்காமத்துக்குக் கால்நடையாய்ப் போகிற வழியும் அதற்குள் வருகிறது ஐயா" என்றதும், "அப்படியென்றால் சரி, அரை மணித்தியாலத்துக்கு மேலே போகாதேயும்" என்று விடை தந்தார். ஆதலால் அந்த வழிக்கு நான் வந்தே தீருவேன். ஆனால் அதற்கு முன்னே என் குற்றம் ஒன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது.

நான் படித்தது ஒரு மிஷன் பாடசாலையில். அங்கே பூமிசாஸ்திரம் படிப்பித்த ஆசிரியர், நில அளவைத் திணைக்களத்தின் ஓரங்குலத் தேசப்படத்தைச் சுவரிலே தொங்கவிட்டு, ஒற்றையடிப் பாதைகளைக் காட்டும் புள்ளிக்கோடுகளை விரலாலே தடவிக் காட்டுவார். அந்தப் புள்ளிக்கோடுகள் மேல் எனக்குப் பிறந்த ஆசைதான் இன்று என்னை உங்கள் முன்னே நிறுத்தியிருக்கிறது. சர்வகலாசாலைக்குப் போன பின்னர் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்னும் படத்தை அறிந்தேன். திறந்த தேசப்படம் என்று நான் அதனைச் சொல்லிக்கொள்வேன். 2004ஆம் ஆண்டு இங்கிலாந்திலே ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கியது. அரசாங்கத்துக்கோ கம்பனிக்கோ உரியதன்று. உலகெங்கும் உள்ள தொண்டர்கள் தாங்கள் கண்டதைத் தாங்களே எழுதுகிறார்கள். எவரும் எடுத்து உபயோகிக்கலாம்; எடுத்த இடத்தைச் சொல்லவேண்டும், தரவுகளைத் திருத்தி வெளியிட்டால் அத்திருத்தத்தையும் அதே நிபந்தனையிற் பிறருக்குத் திறந்துவிடவேண்டும். ஒன்றே ஒன்று கூடாது: உரிமை வேறொருவருக்குள்ள படத்தைப் பார்த்து அனுமதியின்றிப் பிரதிபண்ணக்கூடாது. ஆகவே என் ஆசிரியர் காட்டிய புள்ளிக்கோட்டைக் கூட அப்படியே எடுத்துவந்து இங்கே போட முடியாது. போய் நடந்து பார்த்து எழுதவேண்டும். அல்லது இதற்கென அனுமதிக்கப்பட்ட செய்மதிப் படத்தைப் பார்த்து வரையவேண்டும்.

இப்படத்தின் அமைப்பு மிக எளியது. ஒரு கோடு வரைவீர்கள். அதற்கு ஒரு சீட்டுக் கட்டுவீர்கள். 'இது பாதை' என்று ஒரு சீட்டு. 'மண் தரை' என்று இன்னொன்று. 'யார் போகலாம்' என்று மற்றொன்று. இந்த மூன்றாவது சீட்டைத்தான் ஆங்கிலத்திலே அக்செஸ் என்கிறார்கள். நான் கட்டாமல் விட்டதும் அதுவே.

இரண்டாம் வருட விடுமுறையிலே, மலைநாட்டுக் காடொன்றின் ஓரத்திலுள்ள நண்பன் வீட்டில் ஒரு கிழமை தங்கினேன். காட்டின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். நண்பனும் நானும் ஒரு காலையிலே அவன் ஊரவர் விறகுக்கும் தேனுக்கும் முற்காலத்திற் போய்வந்த தடமொன்றின் வழியே ஏறி, மறுபக்கம் இறங்கினோம். கைத்தொலைபேசி எங்கள் அடிச்சுவட்டைப் பதிந்துகொண்டே வந்தது. அன்றிரவே அதைப் படத்தில் ஏற்றினேன். பாதை, மண் தரை, ஓரிடத்தில் நீரோடை, எல்லாம் எழுதினேன். யார் போகலாம் என்ற இடத்தை வெறுமையாய் விட்டேன். எனக்குத் தெரியாது, தெரியாததை எழுதாமல் விடுவது நேர்மை என்று நினைத்தேன்.

ஏழெட்டு மாதம் கழித்து, எனக்கு அடுத்த வருட மாணாக்கர் நால்வர் அந்த மலைக்குப் போனார்கள். கைத்தொலைபேசியிலே வழிகாட்டும் செயலியொன்று அந்தக் கோட்டையே அவர்களுக்குக் காட்டியது. பின்னேரம் நான்கு மணிபோல் காவலர்கள் அவர்களை மறித்தார்கள். அது ஒதுக்கப்பட்ட காடு. அனுமதியின்றி நுழைவது குற்றம். அதற்கும் மேலாக, யானை நீருக்கு இறங்கும் வேளை. பிள்ளைகள் கைத்தொலைபேசியைக் காட்டி, "இதிலே வழி இருக்கிறதே ஐயா" என்றார்களாம். காவலர் ஒருவர் அதை வாங்கிப் பார்த்து, "இந்த வழியை யார் போட்டது?" என்று கேட்டாராம். அவர்களுக்குத் தெரியவில்லை. வாக்குமூலம் எழுதி, எச்சரித்து, இரவு எட்டு மணிக்கு விட்டார்கள். விடுதியில் இதைச் சிரிப்பாய் எனக்குச் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திறந்த தேசப்படத்திலே ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. யார் எந்த நாளிலே வரைந்தார் என்பதை எவரும் திறந்து பார்க்கலாம். நான் திறந்தேன். அங்கே இருந்தது ஒரே ஒரு பெயர்.

வெறுமை என்பது அனுமதி அன்று. இதை எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் வழி கண்டுபிடிக்கும் செயலிகளுக்கு அது தெரியாது. சாதாரணமாக, பாதை என்று எழுதிய கோட்டிலே தடை எழுதியிராவிட்டால், நடப்பவன் போகலாம் என்றே அவை எடுத்துக்கொள்ளும். என் நேர்மை, வழிகாட்டும் இயந்திரத்தின் கையிலே ஓர் அழைப்பிதழாக மாறிவிட்டது.

பயந்துபோய் அடுத்த காரியமாக அந்தக் கோட்டை முழுவதும் அழித்துவிட்டேன். ஒரு கிழமைக்குள் முன்பின் அறியாத ஒருவரிடமிருந்து மிக மரியாதையாக ஒரு குறிப்பு வந்தது. 'செய்மதிப் படத்திலே அந்தத் தடத்தின் ஒரு பகுதி இன்னும் தெரிகிறதே. இருக்கும் பாதையை ஏன் அழித்தீர்?' என்று கேட்டிருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் பதில் என் மனத்தை மாற்றியது. அதன் கருத்தை மாத்திரம் சொல்லுகிறேன். நீ அழித்தாலும் தரையிலுள்ள தடம் அழியாது. நாளை இன்னொருவன் அதே வழியால் நடந்துவந்து, உன்னைப்போலவே வெறுமையாய் எழுதிவிடுவான். கோடு அங்கே இருந்து, அதன்மேல் 'போகக்கூடாது' என்று தெளிவாய் எழுதியிருந்தால், வருகிறவன் அதைக் காண்பான், செயலியும் காணும். காட்டுத் தீ பிடித்தாலோ, ஒருவர் காணாமற் போனாலோ, தேடிப்போகிற உத்தியோகத்தருக்கும் அந்தக் கோடு வேண்டும். இவ்வளவும் நியாயமாகவே எனக்குப் பட்டது. நானே கோட்டை மீட்டு, சீட்டைக் கட்டினேன்.

எல்லாவற்றையும் எழுதியே தீரவேண்டும் என்று இதிலிருந்து எவரும் எண்ணிவிட வேண்டாம். அரிய பறவை கூடு கட்டும் மரத்தையும், திருடர் தேடும் செடி நிற்கும் இடத்தையும் படத்திலே குறிப்பது பாவம் என்றே சொல்வேன். தடம் கால்களுக்குத் தானே தெரியும். கூடு அப்படியன்று, நாம் காட்டினால்தான் தெரியும்.

இனி அந்தச் சீட்டிலே என்ன எழுதுவது? இங்கேதான் வேலை கடினமாகிறது. இப்படத்தார் சில சொற்களை வரையறுத்திருக்கிறார்கள். 'நோ' என்றால் பொதுமக்களுக்கு இல்லை. 'பிரைவேட்' என்றால் உரியவர் தனித்தனியே இணங்கினாலன்றி இல்லை. 'பெர்மிட்' என்றால் சீட்டுப் பெறவேண்டும், முறைப்படி கேட்பவருக்கு அது சாதாரணமாகக் கிடைக்கும். 'யெஸ்' என்றால் சட்டப்படி உரிமை உண்டு. இவற்றுள் எனக்கு மிகப் பிடித்த சொல் 'பெர்மிசிவ்' என்பது. போகலாம், ஆனால் அது உன் உரிமையன்று. உரியவர் மனமிசைந்து விட்டிருக்கிறார். நாளைக்கு வேண்டாம் என்றாலும் என்னலாம். எங்கள் ஊரிலே அடுத்த வீட்டு வளவுக்குள்ளால் கோயிலுக்குப் போகிற ஒழுங்கை எத்தனை! அவ்வளவும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும்.

நமது நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்குகள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழே ஒதுக்கங்கள் பலவகை. ஹக்கல, ரிட்டிகல, யால என்னும் மூன்று இடங்களிலும் உள்ளவை மிகக் கடுமையான ஒதுக்கங்கள். ஆராய்ச்சிக்கும் உத்தியோக வேலைக்குமாக அதிகாரம் பெற்றவரன்றி எவரும் நுழையலாகாது. தேசிய பூங்காவிலோ அனுமதிச் சீட்டுப் பெற்றுப் போய்ப் பார்க்கலாம். ஆனால் வில்பத்திலும் யாலையிலும் குறித்த சில இடங்கள் தவிர வண்டியை விட்டு இறங்கக்கூடாது. ஹோட்டன் சமவெளியிலே நடக்கலாம். வகுத்த பாதையை விட்டு விலகக்கூடாது. சரணாலயம் என்பது வேறு. அதற்குள்ளே தனியார் காணியும் இருக்கக்கூடும், நுழைவதற்குச் சீட்டு வேண்டியதில்லை. சிங்கராஜ வனமோ வேறொரு திணைக்களத்தின் கையில். அங்கே வாசலில் சீட்டு வாங்கி, வழிகாட்டியோடு போகவேண்டும். பச்சை நிறம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். கட்டளை ஒவ்வொன்றுக்கும் வேறு.

'காட்டின் எல்லைக் கோட்டிலேயே கட்டளையை எழுதிவிட்டால் போதாதா, ஒவ்வொரு பாதையிலும் ஏன் எழுதவேண்டும்?' என்று கெட்டிக்காரர் ஒருவர் கேட்கக்கூடும். நானும் கேட்டேன். போதாது. வழி தேடும் செயலி பாதையின் மேற் கட்டிய சீட்டைத்தான் வாசிக்கும். அந்தப் பாதை எந்த எல்லைக்குள் கிடக்கிறது என்று சாதாரணமாக ஆராய்வதில்லை. அன்றியும், ஒரே எல்லைக்குள்ளே மோட்டார் வண்டிப் பாதைக்கு ஒரு விதியும் அடிப்பாதைக்கு வேறொரு விதியும் உண்டு. ரிட்டிகலவில் மலையடிவாரத்துப் பழைய மடாலயச் சிதைவுகளைப் பார்க்க எவரும் போகலாம். மேலே காட்டுக்குள் ஏறலாகாது. அங்கே எல்லையில் ஒரு சீட்டைக் கட்டினால் பாதி பொய்யாகும்.

அந்த விதிகளைத்தான் எங்கே தேடுவது? வர்த்தமானியிலே எல்லைகள் வசனத்தில் இருக்கின்றன: வடக்கே இன்ன ஆறு, கிழக்கே இன்ன வீதி என்று. வாசலிலே பலகை இருக்கும். சில இடங்களில் வெயிலும் மழையும் பாதி எழுத்தைத் தின்றிருக்கும். மிச்சம் காவலரின் வாயிலே இருக்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நான்கு நாடுகளில் மூன்றிலே இப்படித்தான் இருக்கும் போலும். ஜேர்மனியிலே டிஜிட்டைஸ் த பிளானெட் என்றொரு சங்கம், காப்புக் காடுகளின் விதிகளைச் சட்டநூல்களிலிருந்து எடுத்துக் கணினி வாசிக்கக்கூடிய வடிவிலே எழுதித் திறந்து வைக்கும் வேலையைச் செய்கிறது. சுவிற்சர்லாந்திலே குளிர்காலத்தில் மானும் மலைக்கோழியும் அமைதியாய்த் தங்கவேண்டிய நிலங்களை அரசாங்கமே படமாக்கி வெளியிடுகிறது. அந்நாட்டின் தேசிய பூங்கா 1914ஆம் ஆண்டு தொடங்கியது. அங்கே பாதையை விட்டு ஓரடி விலகுதல் தடை, கயிற்றிற் கட்டிய நாய்க்கும் இடமில்லை. கண்டிப்பான விதிதான், ஆனால் எழுத எளிது. எப்பொழுதும், எவருக்கும், ஒரே விதி.

இங்கிலாந்தின் கதை வேறு. 1932ஆம் ஆண்டு ஏப்ரலிலே கிண்டர் ஸ்கௌட் என்னும் மேட்டு நிலத்தில், நடக்கும் உரிமையைக் கேட்டுப் பலநூறு பேர் வேண்டுமென்றே அத்துமீறி ஏறினார்கள். ஐவர் சிறைக்குப் போனார்கள். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாகாணம் தோறும் பொதுப் பாதைகளின் உறுதிப்படம் ஒன்று எழுதலாயிற்று. அந்தப் படத்திலே ஒரு பாதை காட்டப்பட்டிருந்தால், அங்கே மக்களுக்கு உரிமை உண்டென்பதற்கு அதுவே முடிவான சான்று. அங்கே படம் சட்டத்தைத் தாங்குகிறது. நமது தொண்டர் எழுதும் படத்துக்கு அந்த வல்லமை கிடையாது, இருக்கவும் கூடாது. எங்கோ ஒருவன் கணினி முன்னிருந்து 'யெஸ்' என்று எழுதியதால் ஒரு காடு திறந்துவிடுமாயின், அதைவிட ஆபத்து வேறில்லை.

இந்தக் கருத்தை மனத்திற் கொண்டு கதிர்காம வழிக்கு வருகிறேன். செயலாளர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

என் அம்மம்மா போருக்கு முன்னர் ஒருமுறை கதிர்காமத்துக்கு நடந்தவர். வழி எப்படி இருந்தது என்று கேட்டால், "வழியை ஆர் பார்த்தது? முன்னாலே போகிற சாமியைப் பார்த்து நடந்தோம்" என்பார். அந்த நடை உகந்தை முருகன் கோயிலைக் கடந்ததும் கூமுனைக் காட்டுக்குள் நுழைகிறது. கும்புக்கன் ஓயாவைக் கடந்தால் யாலைக் காடு. நாலைந்து நாட் காட்டுவழி. கூமுனை 1970இல் யால கிழக்கு என்னும் பெயரோடு தேசிய பூங்கா ஆயிற்று; 2006இல் குமண என்று பெயர் மாறிற்று. போர்க்காலத்தில் 1985 முதல் 2003 வரை அந்தப் பூங்கா மூடிக் கிடந்தது. இக்காலத்தில் ஆண்டுக்கு ஒருமுறை, கதிர்காமக் கந்தன் திருவிழாவை ஒட்டி, ஏறக்குறைய இரண்டு கிழமைக்கு, நடைப் பயணிகளுக்காக அந்தக் காட்டு வழி திறக்கப்படுகிறது. மற்றை நாளில் அதிலே கால்நடையாய்ப் போகலாகாது.

இதைப் படத்திலே எப்படி எழுதுவது? இன்ன காலத்தில் மாத்திரம் என்ற நிபந்தனையை எழுதுவதற்கு இப்படத்தில் ஓர் இலக்கணம் உண்டு. இங்கிலாந்திலே திறந்த மேட்டு நிலங்களில் நிலத்திற் கூடு கட்டும் பறவைகளுக்காக மார்ச் 1 முதல் யூலை 31 வரை நாயைக் குட்டைக் கயிற்றிற் பிடிக்கவேண்டும் என்பது விதி; அதை ஒரு வரியில் எழுதிவிடலாம், ஆண்டுதோறும் அதுவே செல்லும். கதிர்காமத் திருவிழா பிறையைக் கொண்டு கணிப்பது. ஆங்கில நாட்காட்டியில் அது நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த இலக்கணத்தைத் துருவிப் பார்த்தேன். ஒரு வேடிக்கை கண்டேன். ஈஸ்டர் நாளை அது அறியும்! ஈஸ்டரும் சந்திரனைக் கொண்டு கணிப்பதுதானே. பங்குனி மாதத்துச் சமநாளை ஒட்டி வரும் பூரணைக்கு அடுத்த ஞாயிறு என்று எங்கள் பாடசாலைச் சிற்றாலயத்திலே ஆண்டுதோறும் கேட்டிருக்கிறேன். ஈஸ்டருக்கு ஒரு சொல் இருக்கிறது. ஆடிப் பூரணைக்கு இல்லை. அதை எழுதினவர்களுக்கு வஞ்சம் ஏதுமில்லை. தங்களுக்குத் தெரிந்த விழாவை எழுதினார்கள். எங்களுக்குத் தெரிந்ததை நாங்கள் போய்ச் சொல்லவில்லை.

ஆனால் அப்படியொரு சொல் கிடைத்தாலும் காரியம் முடியாது. வழி திறக்கும் நாளைச் சந்திரன் மாத்திரம் தீர்மானிப்பதில்லை. திணைக்களத்தாரும் மாவட்ட அதிகாரிகளும் கூடிப் பேசி, நாள் குறித்து அறிவிக்கிறார்கள். ஆகவே ஒவ்வோராண்டும் அந்த அறிவித்தலைப் பார்த்து ஒருவர் இரண்டு திகதிகளை எழுதவேண்டும். திருவிழா முடிந்ததும் அவற்றை எடுத்துவிடவேண்டும். எடுக்க மறந்தால், சென்ற ஆண்டின் திகதியை நம்பி ஒருவன் அடுத்த ஆண்டு மூடிய காட்டின் வாசலில் வந்து நிற்பான், அல்லது வாசலை விட்டு வேறு பக்கத்தால் நுழைவான். யானையும் கரடியும் திகதி பார்ப்பதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. இதைச் சொன்னால் உங்களிற் சிலருக்குக் கோபம் வரலாம். அந்தச் சீட்டிலே எந்தச் சொல்லை எழுதுவது? பயணிகளைக் கேட்டால், 'இது பரம்பரை பரம்பரையாய் நடந்த வழி. எங்கள் உரிமை' என்பார்கள். அவர்கள் கணக்கில் அது 'யெஸ்'. திணைக்களத்தைக் கேட்டால், 'இது பூங்கா. நாங்கள் அனுமதிக்கிறோம்' என்பார்கள். என் அம்மம்மாவின் பக்கம் நின்று முதலாவதை எழுதவே எனக்கு ஆசை. எனினும் நான் எழுதமாட்டேன். திறந்த நாட்களில் வாசலிலே நிற்பவருக்கு என்ன நடக்கிறதோ, எவரும் போய்ச் சரிபார்க்கக்கூடியது எதுவோ, அதையே எழுதவேண்டும்: அந்த இரண்டு கிழமைக்குள், கால்நடைக்கு மாத்திரம், அதிகாரிகளின் அனுமதியோடு, மற்றைக் காலத்தில் இல்லை. உரிமையா அனுமதியா என்ற வழக்கைப் பேசுவதற்கு வேறு மன்றங்கள் உண்டு. நான் ஒரு சொல்லைத் திருட்டுத்தனமாய் நுழைத்து அந்த வழக்கை வெல்லப் பார்த்தால், நாளைக்கு வேறொருவர் 'நோ' என்ற சொல்லை நுழைத்து அதே வழியை மூடப் பார்ப்பார். அப்போது நான் எந்த முகத்தோடு ஆட்சேபிப்பேன்?

பெயர்களைப் பற்றி மாத்திரம் ஒரு வார்த்தை. ஒரே இடத்துக்குப் பல மொழியிலும் பெயர் எழுத இப்படத்தில் இடமுண்டு. உகந்தை, கூமுனை என்ற பெயர்கள் நடந்துபோன கிழவர்களின் வாயிலே இன்னும் இருக்கின்றன. வழியிலே உள்ள தங்குமிடம், நீர்த்துறை ஒவ்வொன்றுக்கும் அப்படிப் பெயர் உண்டு. அவற்றை எழுதிவைப்பதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

சிவனொளிபாத மலையைப் பற்றியும் பேச எண்ணியிருந்தேன். மார்கழிப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரை அங்கே பருவம். மற்றைக் காலத்தில் படிகளில் விளக்கில்லை, கடையில்லை. விளக்கில்லை என்பதற்காக 'மூடப்பட்டது' என்று எழுதிவிடுவது தவறு. அதை விரிக்க நேரமில்லை.

நமது சங்கத்திலிருந்து இம்முறை ஏழெட்டுப் பேர் உகந்தையிலிருந்து நடக்கப்போவதாய் அறிகிறேன். அவர்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். வாசலிலே அறிவித்தற் பலகை இருந்தால், மூன்று மொழியும் தெரியும்படி நீங்களே ஒரு படம் பிடித்து வாருங்கள். திறக்கும் திகதியும் மூடும் திகதியும் அதிலே இல்லாவிட்டால் உத்தியோகத்தரைக் கேட்டு, கேட்ட நாளையும் சேர்த்துக் குறித்து வாருங்கள். கைத்தொலைபேசியின் மின்சாரம் இரண்டாம் நாளே தீர்ந்துவிடும் என்று போய்வந்தவர்கள் சொல்லுகிறார்கள். ஆதலால் கடதாசியும் பென்சிலும் கொண்டுபோங்கள். நீங்கள் திரும்பி வந்த அடுத்த ஞாயிறு பின்னேரம் நான் இம்மண்டபத்துக்குக் கணினியோடு வருவேன். திகதிகளை எடுத்துவிடும் வேலையை அன்றைக்கே, உங்கள் முன்னாலேயே செய்துவிடலாம்.